கனவு சொன்ன தீர்ப்பைப் பகலில் விசாரிப்பது எப்படி?

கேள்வி

எனக்கு 41 வயது. வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். போன தவணை வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து மேற்பார்வைக்கு வந்தவர்கள் என் வகுப்பைப் பற்றிக் குறையாக எழுதிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை. "நான் எதையும் உருப்படியாகச் செய்யமாட்டேன்" என்ற நினைப்புத்தான் நாள் முழுக்க. கிளினிக்கில் மனச்சோர்வு என்று சொல்லி இரண்டு மாதமாக செர்ட்ரலின் குளிசை தருகிறார்கள். கிழமையில் இரண்டு நாள் அது தவறிவிடுகிறது. உளவளத்துணைக்கும் போகிறேன்.

கிழமையில் மூன்று நான்கு நாள் ஒரே கனவு. பரீட்சை மண்டபத்தில் இருக்கிறேன். சுட்டெண் மறந்துவிட்டது, பேனை எழுதவில்லை. மேற்பார்வையாளர் "எழும்பி வெளியே போ" என்கிறார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். இடைக்கிடை இன்னொன்றும் வரும்: 1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலம், இருட்டு, மழை, சனநெருக்கடி. அம்மாவின் கையை விட்டுவிடுகிறேன். அன்று உண்மையாகவே அம்மாவைத் தவறவிட்டுப் பிறகு கைதடியில்தான் கண்டோம். அந்தக் கனவு கண்டால் வியர்த்து நனைந்து எழும்புவேன்.

உளவளத்துணையாளர் கனவுகளை ஒரு கொப்பியில் எழுதி வரச் சொல்கிறார். மாமியோ, "விடியக் காணுறது பலிக்கும் பிள்ளை, வயிரவருக்கு ஒரு வடைமாலை சாத்துவம்" என்கிறா. இது வைத்தியமா, சாத்திரமா? கனவை எழுதினால் எண்ணம் மாறுமா?

(பெயர், ஊர் தவிர்க்கப்பட்டுள்ளது.)

பதில்

அன்பின் சகோதரிக்கு,

இது சாத்திரம் அல்ல. உங்கள் உளவளத்துணையாளர் கேட்டது அறிகை நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது எண்ணத்தையும் செயலையும் மாற்றி மனநிலையைச் சீராக்கும் முறைக்கு, உட்பட்ட வேலைதான். ஆனால் எழுதுவதால் மட்டும் எண்ணம் மாறாது. எழுதியதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. இன்னொன்று, நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு கனவும் ஒரே வகை அல்ல. பரீட்சைக் கனவை வீட்டிலேயே எடுத்து வேலை செய்யலாம். பாலத்துக் கனவைத் தனியே தொடவேண்டாம். குளிசை தவறுவதைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் கனவுகளுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதால் அதையும் பார்ப்போம்.

இந்தச் சிகிச்சை முறை உருவான கதையிலேயே கனவுக்கு இடம் உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஆரன் பெக் என்ற உளமருத்துவர் 1950களின் கடைசியில் மனச்சோர்வு உள்ளவர்களின் கனவுகளைச் சேர்த்து ஆராயத் தொடங்கினார். அவர் உளப்பகுப்பாய்வு படித்தவர். பிறர்மேல் எழுந்த கோபம் தன்மேலே திரும்புவதுதான் மனச்சோர்வு என்பது பிராய்ட் வழிவந்த கொள்கை. அந்தக் கோபம் கனவில் வெளிப்படும் என்று எதிர்பார்த்தார். அவர் கண்டது வேறு. கனவு கண்டவர் அந்தக் கனவுகளில் தோற்றவராக, ஒதுக்கப்பட்டவராக, எதையோ இழந்தவராக வந்துகொண்டிருந்தார். அதே ஆட்கள் விழித்திருக்கும்போது தங்களைப் பற்றிச் சொன்னவற்றிலும் அதே தோல்வி, அதே இழப்பு. இரவும் பகலும் ஒரே எண்ணப்போக்குத்தான் ஓடுகிறது என்ற முடிவுக்கு வந்து, அந்தப் போக்கையே நேரடியாகக் கையாளும் சிகிச்சையை அவர் வளர்த்தெடுத்தார். பகலில் வரும் எண்ணங்களைக் கையாள்வது இலகுவாக இருந்ததால் இந்தச் சிகிச்சையில் கனவு பிறகு நெடுங்காலம் ஓரமாகக் கிடந்தது. ஆதர் பிறீமன் போன்றவர்கள் அதை மறுபடி உள்ளே எடுத்தார்கள். பிறீமன் வலியுறுத்திய இரண்டு விடயங்கள் உங்களுக்கு உதவும். கனவில் வரும் பொருளுக்கு மறைபொருள் தேடாமல் கனவின் கருவைப் பார்க்கவேண்டும். அந்தக் கனவின் பொருள் எதுவென்று சொல்லும் உரிமை கண்டவருக்கே, சிகிச்சையாளருக்கு அல்ல.

ஆகவே உங்கள் உளவளத்துணையாளர் "பேனை என்றால் இது, மண்டபம் என்றால் அது" என்று பலன் சொல்லத் தொடங்கினால், "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று தாராளமாகச் சொல்லுங்கள். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் இருக்கும் கனவுப் பலனுக்கும் அந்த விளக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

மாமி சொல்வதில் ஒரு பாதி சரியான அவதானம். விடியப்புறக் கனவுதான் மனதில் நிற்கும். நித்திரை ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண்விழி வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும்; தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். முன்னிரவில் அந்தக் கட்டம் சில நிமிடங்களே நீடிக்கும். விடியும்போது அரை மணித்தியாலம் வரைகூட நீளும். அதிலிருந்து நேரே விழிப்பதால் கனவு அப்படியே கையில் அகப்படுகிறது. நன்றாக நினைவிருப்பது பலிக்கப்போகிறது என்று ஆகாது. வடைமாலை சாத்துவதில் கெடுதி எதுவும் இல்லை. மாமிக்கு ஆறுதல் என்றால் சாத்தட்டும். "இனி ஏதோ நடக்கப்போகுது" என்று நீங்களும் சேர்ந்து காத்திருக்கத் தொடங்குவதில்தான் கெடுதி. காத்திருக்கும் மனம் சின்னத் தடங்கலையும் பலனாகக் கணக்கெடுத்துக்கொள்ளும்.

இனி கொப்பி. 80 பக்கச் சாதாரணக் கொப்பியும் ஒரு பேனையும் தலைமாட்டில் இருந்தால் போதும். கைத்தொலைபேசியில் எழுதவேண்டாம். அந்த வெளிச்சமும் வந்துகிடக்கும் செய்திகளும் கனவை அரை நிமிடத்தில் அழித்துவிடும். விழித்ததும் உடனே எழும்பாமல், படுத்த நிலையிலேயே ஒரு நிமிடம் கிடந்து கடைசிக் காட்சியைப் பிடியுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். பிறகு எழுதுங்கள். "நான் மண்டபத்தில் இருக்கிறேன், பேனையை உதறுகிறேன்" என்று இப்போது நடப்பதுபோல எழுதவேண்டும். "இருந்தேன், உதறினேன்" என்று எழுதினால் அது ஒரு கதையாக விலகிப்போய், கூட வந்த உணர்ச்சி தப்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இடையில் தொடர்பு அறுந்திருந்தால் அறுந்தபடியே விடுங்கள். கணித ஆசிரியைக்கு இது கஷ்டம்தான். படிமுறை விடுபட்டால் கை தானாக நிரப்பப் பார்க்கும். நிரப்பினால் பகல் புத்தி எழுதிய கனவாகிவிடும்.

கனவுக்குக் கீழே நான்கு சின்னக் குறிப்புகள். எந்த உணர்ச்சி, 100க்கு எவ்வளவு. முதல்நாள் நடந்தவற்றில் கனவில் தலைகாட்டியது எது. அந்தக் கனவு உங்களைப் பற்றிச் சொல்லும் முடிவு என்ன, ஒரே வசனத்தில். முதல்நாள் குளிசை எடுத்தீர்களா, இல்லையா. மூன்றாவது குறிப்புத்தான் முக்கியம். பலர் அதில் "கவலையான கனவு" என்று எழுதி வைப்பார்கள். அது உணர்ச்சி, முடிவு அல்ல. முடிவு என்றால் "நான்" என்று தொடங்கி முற்றுப்புள்ளியில் முடியவேண்டும்.

எல்லாக் கனவையும் எழுதத் தேவையில்லை. கிழமைக்கு இரண்டு போதும். கனவைப் பிடிப்பதற்காக நடுச்சாமத்தில் அலாரம் வைத்து எழும்புவது மனச்சோர்வு உள்ளவருக்குக் கூடவே கூடாது; கெட்ட நித்திரை அடுத்த நாளின் எண்ணத்தை இன்னும் இருட்டாக்கும். எழுதியதைப் பகல் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் வேண்டாம். மூடி வைத்துவிட்டுப் பின்னேரம் நான்கு ஐந்து மணிக்கு, 20 நிமிடம் ஒதுக்கி எடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். எல்லை வைக்காவிட்டால் விசாரணை அசைபோடுதலாக மாறிவிடும்.

அந்த 20 நிமிடத்தில் என்ன செய்வது? உங்கள் பரீட்சைக் கனவையே எடுப்போம். கடைசிக் காட்சியில் நின்று உங்களைக் கேளுங்கள்: "இந்த இடத்தில் என்னைப் பற்றி நான் எடுத்த முடிவு என்ன?" நான் ஊகிப்பது, "நான் தகுதி இல்லாதவள், அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது" என்பது. ஊகம்தான், உங்கள் வசனம் வேறாக இருந்தால் உங்களுடையதே சரி. அதை இப்போது எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 100க்கு ஓர் இலக்கம் போடுங்கள். 90 என்று வையுங்கள்.

அடுத்து, இதே வசனம் போன கிழமை பகலில் எங்கெங்கே வந்தது என்று பாருங்கள். ஆசிரியர் ஓய்வறைக்குள் நீங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றபோது வந்திருக்கலாம். கரும்பலகையில் ஒரு படியைப் பிழையாக எழுதி அழித்தபோது வந்திருக்கலாம். இடமும் நேரமும் குறித்து இரண்டு மூன்று உதாரணம் கிடைத்தால் போதும். கனவு பகலோடு இணைவது இங்கேதான். இந்த இணைப்பு கிடைக்காத கனவை வற்புறுத்தி இழுக்கவேண்டாம், விட்டுவிடுங்கள். எல்லாக் கனவிலும் சரக்கு இருக்காது.

இணைப்புக் கிடைத்தால் கனவுக்குள்ளேயே சாட்சியை விசாரியுங்கள். மண்டபத்தில் எல்லோரும் பார்த்தார்கள். யாராவது வாய் திறந்து ஏதாவது சொன்னார்களா? சொல்லவில்லை என்றால், அவர்கள் நினைத்தது என்னவென்று எப்படித் தெரிந்தது? பிறர் மனதைத் தானே வாசித்து முடிவெடுக்கும் பழக்கம் இது. பகலில் ஓய்வறையிலும் நடந்தது இதுதான். பேனை எழுதவில்லை. பழுது பேனையில், தீர்ப்பு உங்கள்மேல். ஒரு சம்பவத்தை வைத்து முழு ஆளுக்கும் முத்திரை குத்துவது இது. இன்னுமொரு கேள்வி இருக்கிறது, அதை உங்களிடம் கேட்பதற்குக் காரணம் உங்கள் தொழில். பரீட்சைக் கடமைக்கு நீங்களே போயிருப்பீர்கள். சுட்டெண் மறந்த பிள்ளை ஒன்று முழிசிக்கொண்டிருந்தால் எழும்பி வெளியே போ என்று சொல்வீர்களா? அனுமதி அட்டையைப் பார் என்பீர்கள். பேனை எழுதாவிட்டால் இன்னொன்று கொடுக்க வழி பார்ப்பீர்கள். கனவில் இருந்த மண்டபத்தின் சட்டம் உங்களுக்கு மட்டும் எழுதப்பட்ட சட்டம். பிள்ளைக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம். பகலிலும் அந்த இரண்டாவது நியாயம் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

இதற்குப் பிறகு மேற்பார்வை அறிக்கையை எடுங்கள். நினைவில் உள்ளதை அல்ல, தாளையே எடுங்கள். ஒரு பக்கத்தை இரண்டாகக் கோடிட்டு, இடப்பக்கத்தில் அதில் எழுதியிருப்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். வலப்பக்கத்தில் அதை வாசித்தபோது உங்கள் காதில் கேட்டதை எழுதுங்கள். "குழுச் செயற்பாடு போதாது" என்று தாளில் இருந்தால், வலப்பக்கத்தில் "உனக்குப் படிப்பிக்கத் தெரியாது" என்று இருக்கக்கூடும். அறிக்கை பார்த்தது 40 நிமிடப் பாடவேளை ஒன்றை. நீங்கள் தீர்ப்பெழுதியிருப்பது முழுச் சேவைக் காலத்துக்கும்.

இப்போது புதிய வசனம் ஒன்று எழுதவேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "நான் திறமையான ஆசிரியை, என்னால் எல்லாம் முடியும்" என்று எழுதிச் சுவரில் ஒட்டுவதால் ஒன்றும் நடக்காது. மனம் அதை நம்பாது, நம்பாததால் பழைய வசனம் இன்னும் உறுதியாகும். "குழுச் செயற்பாட்டில் நான் குறைவு. விளங்கப்படுத்துவதில் குறைவு என்று யாரும் எழுதவில்லை. குறையுள்ள ஒன்றைத் திருத்தலாம்" என்பதுபோல, சாட்சியோடு பொருந்துகிற, கொஞ்சம் சப்பென்று இருக்கிற வசனமே வேலைசெய்யும். பழைய வசனத்துக்கு மறுபடி இலக்கம் போடுங்கள். 90 இருந்தது 70க்கு வந்தால் நல்ல வேலை. ஒரே பின்னேரத்தில் 10க்கு இறங்கினால் உங்களையே ஏமாற்றுகிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது கனவு முடியும் விதத்தை விழித்திருக்கும்போது மாற்றி எழுதுவது. இதையும் இனிப்பாக்கிவிடக்கூடாது. மேற்பார்வையாளர் மன்னிப்புக் கேட்பது, முதலாம் இடம் வருவது எல்லாம் வேண்டாம். கனவில் நீங்கள் செய்யாமல் விட்ட ஒரு செயலைச் சேர்த்தால் போதும். "பேனை எழுதவில்லை. கையை உயர்த்துகிறேன். பக்கத்தில் இருந்து ஒரு பேனை வருகிறது. அனுமதி அட்டையைப் புரட்டிச் சுட்டெண்ணை எழுதுகிறேன். நேரம் போய்விட்டது. தெரிந்த கணக்கில் தொடங்குகிறேன்." நேரம் போய்விட்டது என்ற வரி இருக்கட்டும், நட்டம் கொஞ்சம் இருந்தால்தான் மனம் நம்பும். கதிரையில் இருந்து, பகல் வெளிச்சத்தில், தினமும் 10 நிமிடம் இதைப் படமாக ஓடவிடுங்கள்: கதிரையின் சத்தம், தாளின் தடிப்பு, பேனையின் நிறம் எல்லாவற்றோடும். பழைய முடிவை ஓட்டிப் பார்க்கவேண்டாம், புதியது மட்டும். ஒரு நேரத்தில் ஒரு கனவு, இரண்டு கிழமை. படுக்கையில் போய்க் கிடந்துகொண்டு தொடங்கினால் நித்திரைக் கலக்கத்தில் பழைய முடிவுக்கே சறுக்கிவிடும்.

கனவு மாறினால்தான் வெற்றி என்று நினைக்கவேண்டாம். சிலருக்குக் கனவு அப்படியே வரும், ஆனால் எழும்பும்போது பயம் 80 இருந்தது 40 ஆகும். அதுவும் மாற்றமே.

இவ்வளவும் காகிதத்தில். அதே கிழமையில் பகலில் ஒரு செயல் நடக்காவிட்டால் காகிதம் காகிதமாகவே கிடக்கும். அமெரிக்க உளவியலாளர் கிளாரா ஹில் கனவு வேலைக்கு வகுத்த மூன்று கட்டங்களில் கடைசிக் கட்டம் செயல்தான்: முதலில் கனவைத் துருவுவது, பிறகு அதில் விளக்கம் காண்பது, பிறகு வாழ்க்கையில் எதை மாற்றுவது என்று முடிவெடுப்பது. உங்களுக்கு ஏற்ற பரிசோதனை ஒன்று சொல்கிறேன். தரம் 10இல் ஒரு பாடவேளையைத் தெரிவுசெய்யுங்கள். அதில் 15 நிமிடம் பிள்ளைகளை நான்கு பேர் கொண்ட குழுக்களாக விட்டுக் கணக்குச் செய்ய வையுங்கள். பாடத்தின் கடைசி 5 நிமிடத்தில் இரண்டு சிறு கணக்குக் கொடுத்து அரைத்தாளில் எழுதி வாங்குங்கள். வகுப்புக்குள் போகுமுன் உங்கள் எதிர்வுகூறலைக் கொப்பியில் எழுதியிருக்கவேண்டும்: "பாதிப் பேருக்கு மேல் இரண்டு கணக்கையும் பிழையாகச் செய்வார்கள், நம்பிக்கை 80." திருத்தி எண்ணுங்கள். இலக்கம் உங்களுக்குப் பழக்கமான சாட்சி. ஓய்வறை முகங்களைவிட அதை நம்புவீர்கள்.

எதிர்வுகூறல் உண்மையாகிவிட்டால்? ஆகலாம். அப்போது எண்ணத்தோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு, எந்தப் படியில் பிள்ளைகள் வழுக்கினார்கள் என்று பார்த்து அந்தப் படியைத் திருத்துங்கள். சரியான எண்ணத்துக்குத் தேவை மாற்றுவசனம் அல்ல, வேலைத்திட்டம். "பதினைந்து பேர் சமன்பாட்டின் குறியை மாற்றவில்லை" என்பதும் "நான் எதையும் உருப்படியாகச் செய்யமாட்டேன்" என்பதும் ஒன்றல்ல.

இனிப் பாலம்.

1995 ஒக்டோபர் 30 இரவு தொடங்கிய அந்த இடப்பெயர்வின்போது உங்களுக்கு 12 வயதளவில் இருந்திருக்கும். பரீட்சைக் கனவு உங்கள் மனம் கட்டிய காட்சி; பாலத்துக் கனவு நடந்த ஒன்று திரும்பி வருவது. வியர்த்து நனைந்து எழும்புவது அதிர்ச்சிக் கனவின் அடையாளமாக இருக்கலாம். இதைப் பரீட்சைக் கனவைப்போல இப்போது நிகழ்வதாக எழுதவேண்டாம். அப்படி எழுதும்போது சிலர் அந்த இரவுக்குள்ளேயே திரும்ப விழுந்துவிடுவார்கள். கொப்பியில் திகதியும் "பாலம்" என்ற ஒரு சொல்லும் போதும்.

உங்கள் உளவளத்துணையாளரிடம் இதைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. அடுத்த முறை சொல்லுங்கள். இப்படிப்பட்ட கனவுகளுக்கும் முடிவை மாற்றிப் பழகும் முறை உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளாகிக் கொடுங்கனவால் துன்பப்பட்ட 168 பெண்களில் ஒரு பகுதியினருக்கு அமெரிக்காவில் பரி கிறாக்கோ என்ற மருத்துவரின் குழு மூன்று அமர்வுகளில் அதைக் கற்றுக்கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சோதித்து, 2001இல் முடிவை வெளியிட்டது. கற்றுக்கொண்டவர்களுக்குக் கொடுங்கனவுகள் குறைந்தன, நித்திரை சீரடைந்தது. கொடுங்கனவுக்கு இந்த முறைக்கு உள்ள ஆய்வுப் பலம், மனச்சோர்வு எண்ணத்தைக் கனவு வழியாக மாற்றும் வேலைக்கு இன்னும் இல்லை. ஆகவே கொப்பி வேலையை உங்கள் வழமையான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யுங்கள், அதற்குப் பதிலாக அல்ல. அதிர்ச்சிக் கனவில் பயிற்சி பெற்றவர்கள் மிக மோசமான கனவில் தொடங்கமாட்டார்கள். பாரம் குறைந்த ஒன்றில் பழக்கிவிட்டுத்தான் அங்கே போவார்கள். அந்தக் கனவுக்குள் இருக்கும் "நான் கையை விட்டேன்" என்ற வசனத்தையும் ஒருநாள் விசாரிக்கத்தான் வேண்டும். இலட்சக்கணக்கான சனம் நெருக்கிய இருட்டில், மழையில், 12 வயதுப் பிள்ளையின் கைக்கு எவ்வளவு பொறுப்பு இருந்தது என்ற கேள்வி அது. அதைக் கேட்கும்போது எதிரில் ஓர் ஆள் இருக்கவேண்டும்.

அதுவரை, அந்தக் கனவில் எழும்பினால் விளக்கைப் போடுங்கள். இரண்டு பாதத்தையும் சீமெந்து நிலத்தில் வையுங்கள். அறைக்குள் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்றைய திகதியைச் சொல்லுங்கள். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். கனவை ஆராய அது நேரம் அல்ல.

குளிசை விடயம். செர்ட்ரலின் போன்ற மருந்துகள் கண்விழி அசையும் நித்திரையைக் குறைக்கும். குளிசை தவறும் நாட்களில் அடக்கி வைத்திருந்த அந்த நித்திரை கூடிவந்து கனவைத் தெளிவாகவும் கடுமையாகவும் ஆக்கலாம். செர்ட்ரலின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள்தான் எடுக்கும். ஆகவே ஒரு நாள் தவறினாலே சிலருக்குத் தெரியும். கொப்பியில் நான்காவது குறிப்பைக் கேட்டது இதற்காகத்தான்: மூன்று கிழமைக்குப் பிறகு புரட்டிப் பார்த்தால், குளிசை விட்ட நாளுக்கும் மண்டபக் கனவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தவறிய குளிசைக்காக மறுநாள் இரண்டு போடவேண்டாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சலிப்பால் விடுகிறீர்கள் என்றால் அந்தச் சலிப்பைக் கிளினிக்கில் அப்படியே சொல்லுங்கள். நேரத்தை மாற்றலாம், அளவை மாற்றலாம், வேறு மருந்தும் பார்க்கலாம். இரத்த அழுத்தத்துக்கோ கைநடுக்கத்துக்கோ புறொப்பிறனலோல் எடுப்பவர்களுக்கும் கொடுங்கனவு வருவதுண்டு.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஓரிரு வரி. விழித்தும் கைகால் அசைக்க முடியாமல் நெஞ்சில் ஏதோ அமுக்குவதுபோல இருப்பது பேய் அல்ல. கனவு நித்திரையில் தசைகள் ஓய்ந்திருக்கும் நிலை விழித்த பிறகும் சில கணம் தொடர்வது. ஆனால் 50 வயதைத் தாண்டிய ஒருவர் கனவில் அடிப்பது உதைப்பதை நித்திரையில் உண்மையாகவே செய்தால், அது உளவளத்துணைக்குரிய விடயம் அல்ல. நரம்பியல் வைத்தியரிடம் காட்டவேண்டும். பார்க்கின்சன் நோய்க்கு ஆண்டுகள் முன்னதாகவே வரும் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

சகோதரி, ஒன்றை நேராகக் கேட்கவேண்டியிருக்கிறது. செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? அடிக்கடி வரும் கொடுங்கனவோடு மனச்சோர்வும் சேரும்போது அந்த ஆபத்துக் கூடுகிறது. அதனால் கேட்கிறேன், நீங்கள் எழுதிய எதையும் வைத்து அல்ல. வந்தால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்கவேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம்.

அடுத்த சந்திப்புக்கு முழுக் கொப்பியையும் கொண்டுபோகத் தேவையில்லை. ஒரு கனவு, அதன் முடிவு வசனம், இரண்டு இலக்கம், அரைத்தாள்களில் எண்ணிய கணக்கு, அதோடு குளிசை விட்ட நாட்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கொப்பியைப் பாடக் கொப்பிகளோடு கலந்து வையாதீர்கள். வீட்டில் மாமியின் கையில் அகப்பட்டால் ஒவ்வொரு கனவுக்கும் ஒரு நேர்த்தி வைக்கவேண்டி வரும்.